காணொளி இருக்கும்போது டென்னிஸ் கட்டுரை எதற்கு?

கேள்வி இது: "என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். பள்ளியில் டென்னிஸை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறாள். ஆங்கில ஆசிரியர் ஃபெடரரைப் பற்றிய நீளமான கட்டுரை ஒன்றை வாசிக்கச் சொன்னார். நானும் வாசித்தேன். யூடியூபில் ஆட்டத்தையே பார்க்கலாமே, ஒரே ஒரு புள்ளியைப் பற்றி இத்தனை வரிகள் எதற்கு? டென்னிஸைப் பற்றி ஏன் இவ்வளவு இலக்கியமாக எழுதுகிறார்கள்? தமிழில் இப்படி எழுத முடியுமா? எதில் தொடங்கலாம்?"

இருபது வருடமாக இந்த மாதிரிக் கட்டுரைகளைத் தேடித் தேடி வாசிக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் இங்கே சிங்கப்பூரில், இயோ சூ காங்கில் ஆடவும் செய்கிறேன். அந்த இரண்டையும் வைத்துப் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அந்த ஒரே ஒரு புள்ளி. ஆண்கள் ஆட்டத்தில் நல்ல சர்வ் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கோர்ட்டின் நீளம் 78 அடி. அடித்ததிலிருந்து எதிராளியின் மட்டைக்கு வந்து சேர ஏறக்குறைய அரை நொடிதான். அதற்குள் அவர் பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று கணிக்க வேண்டும், மட்டையின் பிடியை மாற்ற வேண்டும், தோளைத் திருப்ப வேண்டும், காலை ஊன்ற வேண்டும், திருப்பி எங்கே அனுப்புவது என்றும் முடிவு செய்ய வேண்டும். காணொளியில் நமக்குக் கிடைப்பது இத்தனையும் முடிந்த பிறகு நடந்தது மட்டும்தான். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் உடம்பு மெதுவாக நகரும், உள்ளே ஓடிய கணக்கு அப்போதும் தெரியாது. நல்ல கட்டுரையாளர் அந்த அரை நொடியை வெங்காயத் தோல் உரிப்பதுபோல் ஒவ்வொரு அடுக்காகப் பிரித்து நம் முன்னால் வைக்கிறார். நான் இவற்றைத் தேடி வாசிப்பது அதற்காகத்தான்.

ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். எங்களோடு ஆடும் பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிவிட்டார். வேகமாக ஓடமாட்டார், ஓங்கி அடிக்கவும் மாட்டார். அவருடைய பேக்ஹேண்ட் ஸ்லைஸ், அதாவது புறங்கை முன்னால் வரும்படி பந்தைச் சீவி அடிப்பது, எப்போதும் குறுக்காகவே வரும். அன்று மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. தரை காய்ந்துவிட்டது, ஓரங்களில் மட்டும் ஈரம். பந்தின் மேலுள்ள பஞ்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கனமாகிவிட்டது, தரையில் பட்டால் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவர் குறுக்காக ஒன்று அனுப்பினார். நான் குறுக்காகத் திருப்பினேன். இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அரை அடி கூடுதலாக என்னை வெளியே இழுத்திருக்கிறார், எனக்கு அது உறைக்கவே இல்லை. ஐந்தாவது பந்துக்கு அதே தோள், அதே பின்வாங்கல், அதே மெல்லிய வெட்டு. பந்து மட்டும் என் மறுபக்கக் கோட்டை ஒட்டி நேராகப் போய் விழுந்தது. ஈரப் பந்து ஆனதால் கோட்டுக்கு உள்பக்கம் ஐந்து காசு அளவில் ஒரு கறை. நான் நின்ற இடத்திலிருந்து அசையக்கூட இல்லை.

அப்புறம் காப்பிக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். வலை நடுவில் 3 அடி உயரம், இரண்டு கம்பங்களிலும் 3.5 அடி. குறுக்கே அடித்தால் பந்து தாழ்ந்த நடுப்பகுதிக்கு மேலே போகும். மூலைக்கு மூலை அளந்தால் நீளமும் கூட. ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 27 அடி, மூலைவிட்டம் ஏறக்குறைய 82.5 அடி, அதாவது நாலரை அடி கூடுதல் இடம். அதனால் பத்துக்கு ஒன்பது பந்தை எல்லோரும் குறுக்காகவே அனுப்புவார்கள், அதுதான் பத்திரம். "நேரா அடிக்கிறதுக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு வரும். அதுக்கு முன்னால நாலு பந்து செலவு பண்ணணும், தம்பி" என்றார். அந்தப் புள்ளியை யாராவது கைபேசியில் பிடித்திருந்தால் வயதான ஒருவர் ஐந்து முறை மெதுவாகத் தட்டியது மட்டும் பதிவாகியிருக்கும். அவர் செலவு செய்த நாலு பந்து என்ன என்பதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

உங்கள் மகளின் ஆசிரியர் கொடுத்தது அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். நியூயார்க் டைம்ஸின் விளையாட்டு இதழில் 2006 ஆகஸ்டில் வந்தது. அந்த வருட விம்பிள்டனை நேரில் பார்த்துவிட்டு எழுதினார். ஃபெடரர் 6–0, 7–6, 6–7, 6–3 என்று நடாலை வென்ற இறுதியாட்டம்தான் அதன் மையம். ஆனால் தொடங்குவது அதற்கு முந்தைய வருட அமெரிக்கப் பொதுவிருதுப் போட்டியில், ஃபெடரர் அகாசிக்கு எதிராக ஆடிய ஒற்றைப் புள்ளியில். அந்தப் புள்ளியை அவர் மூச்சு விடாமல் விவரிப்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாலஸ் சிறுவயதில் இல்லினாய் மாநிலத்தில் போட்டிகளில் ஆடியவர். தனக்குக் கைவராத ஒன்று இன்னொருவருக்கு மூச்சுவிடுவதுபோல் வருவதைப் பார்க்கும் ஒருவரின் பரவசம் அதில் இருக்கிறது. அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போயிருந்தால் திரும்பிப் போய் வாசியுங்கள், பாதி விஷயம் அங்கேதான். அந்த இறுதியாட்டத்துக்கு நாணயம் சுண்டியது புற்றுநோயிலிருந்து மீண்ட ஏழு வயதுச் சிறுவன். அவனைக் கட்டுரைக்குள் கொண்டுவந்ததும் காரணத்தோடுதான். ஃபெடரருக்கு வாய்த்ததும் உடம்பு, அந்தப் பிள்ளைக்கு வாய்த்ததும் உடம்பு. அழகைப் பற்றிப் பேச வந்தவர் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் வாசிப்பு தடைபடும்.

அதில் அவர் அழுத்திச் சொல்லும் ஒன்று, டென்னிஸைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர் முக்கால்வாசியைத் தவறவிடுகிறார் என்பது. கேமரா கோர்ட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருப்பதால் நீளம் சுருங்கிப்போகிறது, வேகம் தெரிவதில்லை. இதை வாசித்தபோது தலையாட்டினேனே தவிர முழுதாகப் புரியவில்லை. 2014 அக்டோபரில்தான் புரிந்தது. அந்த வருடம் மகளிர் டென்னிஸின் ஆண்டிறுதிப் போட்டி சிங்கப்பூருக்கு வந்தது, 2018 வரை ஐந்து வருடம் காலாங் உள்ளரங்கில் நடந்தது. செரீனா வில்லியம்ஸும் சிமோனா ஹாலெப்பும் பிரிவுச் சுற்றில் மோதிய இரவு நான் கோர்ட்டின் மூலைப் பக்கம், கீழ் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் காதுக்குத்தான் வந்தது. பந்து மட்டையின் நடுவில் படும் சத்தமும் விளிம்பில் படும் சத்தமும் வேறு வேறு. பத்து நிமிடத்தில் பந்தைப் பார்க்காமலே யாருக்கு அடி சரியாக விழுந்தது என்று சொல்ல முடிந்தது. அப்புறம் உயரம். தொலைக்காட்சியில் வலையை உரசிக்கொண்டு போவதாகத் தெரியும் பந்துகள் உண்மையில் ஒரு முழ உயரத்துக்கு மேலே போய், எதிர்ப்பக்கம் வெளியே விழப்போகிறது என்று நினைக்கும்போது தலைகுப்புற இறங்கி உள்ளே விழுகின்றன. பந்து மேலிருந்து கீழாகச் சுழலும் சுழற்சிதான் அப்படி இழுக்கிறது. மட்டை பந்தை அறையவில்லை, கீழிருந்து மேலே சீவிக்கொண்டு போகிறது. மூலையிலிருந்து பார்க்கும்போது அந்த வளைவு முழுதாகக் கண்ணில் விழுந்தது.

அன்றைக்கு ஹாலெப் 6–0, 6–2 என்று வென்றார். செரீனாவுக்குக் கிடைத்தது மொத்தம் இரண்டே கேம். அதே வாரம் அதே அரங்கில் இறுதியாட்டத்தில் இருவரும் மறுபடி சந்தித்தபோது செரீனா 6–3, 6–0. நாலைந்து நாளில் ஒரு மனுஷி தன்னையே பிரித்துப்போட்டு மறுபடி மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். மறுநாள் செய்தியில் இரண்டு வரி வந்தது. நடுவில் அந்த நாட்களில் அவருக்குள் என்ன நடந்தது என்று எழுத இரண்டு வரி போதாது.

சரி, டென்னிஸ் ஏன் எழுத்தாளர்களை இப்படி இழுக்கிறது? என் கணிப்பில் முதல் காரணம் தனிமை. கோர்ட்டில் ஒருவர் மணிக்கணக்கில் தனியாக நிற்கிறார். கைமாற்றிவிட இன்னொரு ஆட்டக்காரர் கிடையாது. பல காலமாகப் பயிற்சியாளர் வாயே திறக்கக்கூடாது என்று விதி, பேசலாம் என்று பொதுவாகத் தளர்த்தியதே 2025இல்தான். ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவில் 25 நொடி. பந்து ஓடும் நேரத்தைவிட ஓடாத நேரமே அதிகமான விளையாட்டு இது. அந்த இடைவெளியில் கூட்டம் அமைதியாக இருக்கிறது, முகம் திறந்து கிடக்கிறது. ஒருவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார், மட்டையின் நரம்புகளை விரலால் சரிசெய்கிறார், பந்தை ஏழு முறை தட்டுகிறார். எழுதுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு காரணம், கடிகாரம் கிடையாது. காற்பந்தில் முன்னிலை பெற்ற அணி நேரத்தைக் கடத்தலாம். டென்னிஸில் கடைசிப் புள்ளியை வென்றே தீர வேண்டும், அதுவரை தோற்றுக்கொண்டிருப்பவருக்கும் வழி திறந்தே இருக்கிறது. 2010 விம்பிள்டனில் ஐஸ்னரும் மாஹுவும் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள், கடைசி செட் 70–68. 2008 ஜூலை 6 உங்களுக்கு நினைவிருக்கிறதா? ஃபெடரர்–நடால் இறுதியாட்டம். நமக்கு இரவு 9.35க்குத் தொடங்கியது. மழை, மறுபடி மழை. நடால் இரண்டு செட் முன்னால், ஃபெடரர் இரண்டையும் சமன் செய்தார். கடைசியில் லண்டன் இருட்டில் நடால் 9–7 என்று முடித்தபோது இங்கே திங்கள் அதிகாலை மணி 4.16. எங்கள் புளோக்கில் எதிர்வரிசையில் மூன்று வீடுகளில் நீல வெளிச்சம் எரிந்துகொண்டிருந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த மூன்று வீட்டில் யார் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

அழகைப் பற்றிப் பேசினால் மட்டும் போதாது. டென்னிஸின் கலாசாரம் என்று நீங்கள் தேடினால் நான் முதலில் கையில் கொடுப்பது அமெரிக்கக் கட்டுரையாளர் ஜான் மெக்ஃபி 1969இல் எழுதிய 'லெவல்ஸ் ஆஃப் த கேம்'. சின்னப் புத்தகம். முழுப் புத்தகமும் ஒரே ஆட்டம்தான். 1968இல் நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஆர்தர் ஆஷும் கிளார்க் கிரேப்னரும் ஆடிய அமெரிக்கப் பொதுவிருது அரையிறுதி. ஆஷ் சர்வ் போடப் பந்தை மேலே தூக்குவதில் தொடங்குகிறது. ஒரு புள்ளி, அப்புறம் ஆஷின் குடும்பம். இன்னொரு புள்ளி, அப்புறம் கிரேப்னரின் குடும்பம். ஒருவர் வர்ஜீனியாவில் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய பூங்காவைக் கவனித்துக்கொண்டவரின் மகன், ஆறு வயதில் தாயை இழந்தவர். இன்னொருவர் ஒஹாயோவில் பல் மருத்துவரின் ஒரே பிள்ளை.

மெக்ஃபி செய்த ஒரு வேலையை உங்கள் கேள்விக்கு நேர்ப் பதிலாகவே வைக்கலாம். அந்த ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பதிவு அவர் கையில் இருந்தது. அதை ஆட்டக்காரர்களிடமே போட்டுக் காட்டி, இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள், ஏன் இப்படி அடித்தீர்கள் என்று கேட்டார். காணொளி இருந்தும் அவருக்குப் போதவில்லை. ஆஷ் ஏன் எதிர்பாராத நேரத்தில் துணிந்து அடிக்கிறார், கிரேப்னர் ஏன் எப்போதும் அடக்கமான, கணக்கான வழியையே எடுக்கிறார் என்பதை அவர்கள் வளர்ந்த வீட்டுக்குள் போய்த் தேடுகிறார். ஒருவர் ஆடும் விதத்திலேயே அவருடைய வளர்ப்பு வெளிப்படுகிறது என்று அந்தப் புத்தகம் நேராகவே சொல்கிறது. வாசித்து முடிக்கும்போது நமக்கும் அப்படித்தான் தோன்றிவிடுகிறது.

அதில் வரும் டாக்டர் ஜான்சனை மறக்கவே முடியாது. லின்ச்பர்க் ஊரின் கறுப்பின மருத்துவர். தன் வீட்டுக் கோர்ட்டில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தவர், ஆஷ் அவரிடம் வளர்ந்த பையன். கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்த பந்தையும் உள்ளே என்று எண்ணித் திருப்பி அடிக்க வேண்டும் என்பது அவர் பாடங்களில் ஒன்று. நடுவர் இல்லாத சிறுவர் போட்டிகளில் ஆட்டக்காரர்களே கோட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைப் பிள்ளை தவறாகச் சொன்னால் அது கண் பிசகு, ஒரு கறுப்புப் பிள்ளை சொன்னால் ஏமாற்று. அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்கக்கூடாது என்பதற்காகத் தோற்றாலும் பரவாயில்லை என்று பழக்கினார். ஆஷின் அமைதியை எல்லோரும் நளினம் என்று புகழ்ந்தார்கள். அந்த நளினத்துக்குக் கீழே இப்படி ஒரு பாடம் கிடந்தது. அரையிறுதியை 4–6, 8–6, 7–5, 6–2 என்று வென்று, இறுதியாட்டத்தையும் வென்றார் ஆஷ். அப்போது அவர் இராணுவத்தில் லெப்டினன்ட், தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாதவர். அதனால் வெற்றியாளருக்கான 14,000 டாலரை அவரால் தொட முடியவில்லை.

கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? டென்னிஸ் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. அமெரிக்கக் கவிஞர் கிளாடியா ரேங்கின் 2014இல் வெளியிட்ட 'சிட்டிசன்' நூலில் செரீனாவைப் பற்றி நீண்ட பகுதி ஒன்று இருக்கிறது. 2004 அமெரிக்கப் பொதுவிருதுக் காலிறுதியில் உள்ளே விழுந்த செரீனாவின் பந்துகள் வெளியே என்று அறிவிக்கப்பட்டன. அந்தக் கோபத்துக்குப் பிறகுதான் மறுபரிசீலனைக்கு மின்னணுக் கண் 2006இல் அங்கே வந்தது. 2025இல் விம்பிள்டனிலேயே கோட்டு நடுவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள். ரேங்கின் எழுதுவது தொழில்நுட்பத்தைப் பற்றி இல்லை. தொடர்ந்து அநீதியை விழுங்கும் ஒரு உடம்பு ஒருநாள் எப்படி வெடிக்கிறது, அப்போது உலகம் வெடிப்பை மட்டும் எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றி. உங்கள் மகள் இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து வாசிக்கட்டும்.

யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் வாசலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜார்ஜோ பஸ்ஸானியின் 1962 இத்தாலிய நாவலில், 1938இன் இனச் சட்டங்களால் யூத இளைஞர்கள் டென்னிஸ் கிளப்பிலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள், ஒரு பணக்கார வீட்டுத் தோட்டத்தின் சொந்தக் கோர்ட்டில் ஆடப் போகிறார்கள். அதை வாசிக்கும்போது எனக்கு நம் பாலஸ்டியர்தான் நினைவுக்கு வந்தது. காலனிக் காலத்தில் பாடாங் திடலின் ஒரு முனையில் ஐரோப்பியருக்கு 1852இல் தொடங்கிய கிரிக்கெட் கிளப், மறுமுனையில் யுரேசியருக்கு 1883இல் தொடங்கிய கிளப். சீனருக்கு ஹோங் லிம்மில் தனியாக ஒன்று. நம்மவர்கள் 1923இல் இந்தியர் சங்கம் தொடங்கினார்கள், 1928இல் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப் வந்தது. இரண்டும் பாலஸ்டியர் திடலில் பக்கத்தில் பக்கத்தில். யார் எந்தக் கோர்ட்டில் கால் வைக்கலாம் என்பதற்கு இங்கேயும் கணக்கு இருந்தது. இன்றைக்கு ஆக்டிவ்எஸ்ஜி செயலியில் சில வெள்ளி கட்டி யாரும் ஒரு மணி நேரம் எடுக்கலாம். எங்கள் கோர்ட்டில் வலைக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் ஹொக்கியன் கேட்கும். நம் ஊர்க் கிளப்புகளின் இந்தக் கதையை டென்னிஸ் வழியாக யாராவது விரிவாக எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இனி தமிழுக்கு வருகிறேன். எழுத முடியுமா என்று கேட்டீர்கள். எழுதத்தக்க ஆட்டக்காரர்கள் நம்மிடமே இருந்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960இலும் 1961இலும் அங்கே அரையிறுதிக்குப் போனார். ஒருமுறை நீல் ஃப்ரேசரிடமும் மறுமுறை ராட் லேவரிடமும் தோற்றார், இரண்டு பேருமே அந்தந்த வருடம் பட்டத்தை வென்றவர்கள். கிருஷ்ணனுக்கு வேகமான சர்வ் கிடையாது. வருகிற பந்தின் வேகத்தையே வாங்கிக்கொண்டு, மென்மையாக இடம் பார்த்து வைப்பார். மகன் ரமேஷும் அப்படித்தான், 1989இல் ஆஸ்திரேலியாவில் அப்போதைய முதல்நிலை ஆட்டக்காரர் விலாண்டரை வென்றது அந்த மென்மையை வைத்துத்தான். பலமான சங்கீதக் கச்சேரிக்கு நடுவில் ஒருவர் குரலை உயர்த்தாமல் விளம்ப காலத்தில் பாடி நிறுத்துவதுபோல் இருக்கும் அவர் ஆட்டம். தந்தையும் மகனும் 'தி இந்து' ஆங்கில நாளிதழின் நிர்மல் சேகரோடு சேர்ந்து 1999இல் 'எ டச் ஆஃப் டென்னிஸ்' என்று ஒரு நூல் எழுதினார்கள். 2017இல் மறைந்த நிர்மல் சேகர் சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் டென்னிஸைப் பற்றி இலக்கிய வாசனையோடு எழுதியவர். ஒரு தலைமுறை வாசகர்களுக்கு விம்பிள்டன் என்றால் அவருடைய பத்திகள்தான்.

தமிழ் விளையாட்டுச் செய்தியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 'வீழ்த்தினார்', 'சாய்த்தார்', 'பந்தாடினார்', 'விளாசினார்'. இந்த நாலு வினையிலேயே உலக டென்னிஸ் முழுவதும் முடிந்துவிடுகிறது. எல்லாமே யுத்தம். கைக்கு நம் மொழியில் எத்தனை வினைகள்! தட்டுவது, வெட்டுவது, சீவுவது, ஏந்துவது, வழிப்பது, தள்ளுவது, சுண்டுவது, வருடுவது. ஸ்லைஸ் என்றால் சீவல். டிராப் ஷாட்டில் மட்டை பந்தை ஏந்தி இறக்கிவிடுகிறது. சர்வ், வாலி, டியூஸ் எல்லாம் அப்படியே இருக்கட்டும், நாம் கோர்ட்டில் அப்படித்தானே பேசுகிறோம். பெயர்ச்சொல்லுக்கு மாற்றுக் கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவழிக்காமல் வினைச்சொல்லைத் தேடினால் போதும், ஆட்டம் தமிழில் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

பந்தை வைத்து மனசை எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. நற்றிணையின் 12ஆம் பாட்டு, கயமனார் பாடியது. விடியற்காலை. வீட்டில் தயிர் கடையும் மத்தின் ஓசை. ஒரு பெண் காதலனோடு யாருக்கும் தெரியாமல் ஊரைவிட்டுப் போகக் கிளம்புகிறாள். சத்தம் கேட்டுவிடக்கூடாது என்று காலின் சிலம்பைக் கழற்றுகிறாள். கழற்றியதைத் தான் ஆடிய வரிப்பந்தோடு சேர்த்து வைக்கப் போகிறாள். இவற்றைப் பார்த்தால் என் தோழிகள் என்ன பாடுபடுவார்கள், பாவம், என்று நினைக்கிறாள். அவளையும் மீறிக் கண் நிறைந்துவிடுகிறது. வரிப்பந்து என்றால் நூலால் வரிந்த பந்து. டென்னிஸுக்கு வரிப்பந்தாட்டம் என்று தமிழில் ஒரு பெயர் புழங்குவதைக் கேட்டிருப்பீர்கள், அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டுதான் வரும். கவிஞர் அந்தப் பெண்ணின் பிரிவை நீட்டி முழக்கவில்லை. சிலம்பைப் பந்தோடு வைக்கப் போவதையும் நிறைந்த கண்ணையும் காட்டி நிறுத்திவிடுகிறார்.

எதில் தொடங்குவது? மகளுக்கு வாலஸின் இன்னொரு கட்டுரையைக் கொடுங்கள். அப்போது உலகத் தரவரிசையில் 79ஆம் இடத்தில் இருந்த மைக்கேல் ஜாய்ஸ் என்ற ஆட்டக்காரரோடு 1995இல் மாண்ட்ரியாலில் சுற்றி எழுதியது. பெயர் தெரியாத ஒரு ஆட்டக்காரரே எவ்வளவு மலைக்க வைக்கும் திறமைசாலி, அந்த இடத்துக்கு வர அவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று அதில் தெரியும். பள்ளி அணியில் ஆடும் பிள்ளைக்கு ஃபெடரர் கட்டுரையைவிட இது நெருக்கமாக இருக்கும். டிரேசி ஆஸ்டினின் சுயசரிதையை வாசித்து ஏமாந்ததைப் பற்றியும் வாலஸ் எழுதியிருக்கிறார். 16 வயதில் அமெரிக்கப் பொதுவிருது வென்றவரால் தான் அதை எப்படிச் செய்தேன் என்று ஏன் சொல்ல முடியவில்லை என்பதுதான் அதில் அவருடைய விசாரணை. அவருடைய டென்னிஸ் கட்டுரைகள் ஐந்தையும் சேர்த்து 2016இல் ஒரே தொகுப்பாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் மெக்ஃபியில் தொடங்குங்கள். இரண்டு பேரும் முடித்த பிறகு ஃபெடரர் கட்டுரைக்குத் திரும்பிப் போங்கள். முதல் தடவை நீளமாகத் தெரிந்தது இரண்டாவது தடவை அப்படித் தெரியாது என்று நம்புகிறேன்.

இன்னும் ஒன்று. மகளின் பயிற்சிக்கு நீங்களும் போவதுண்டு என்றால் ஒருநாள் கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சர்வ் போடும்போது பந்தைப் பார்க்காதீர்கள். பந்தைத் தூக்கும் கையை மட்டும் பாருங்கள். அந்தக் கை பந்தை எறிகிறதா, மேலே கொண்டுபோய் வைக்கிறதா, விட்ட பிறகு எவ்வளவு நேரம் மேலேயே நிற்கிறது, கடைசியாகப் பிரிவது எந்த விரல், பதற்றமான புள்ளியில் அது சீக்கிரம் கீழே வந்துவிடுகிறதா. பத்து சர்வ் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, அந்த ஒரு கையைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.